‘பி’ அழுத்தினா ‘ரிட்டர்ன்’ வருது! ஸ்பெக்ட்ரமுக்குப் பழைய கீபோர்டு பொருத்துவது எப்படி?

வணக்கம் நண்பர்களே! இந்த கீபோர்டுல ‘பி’ (P) அழுத்துறேன். திரையில ‘பிரிண்ட்’னு வரணும். ஆனா ‘ரிட்டர்ன்’னு வருது பாருங்க! வயர் எதுவும் அறுந்துபோகல, சுவிட்ச்சும் நல்லாத்தான் இருக்கு. தப்பு எங்கே? வீடியோவை நிறுத்திட்டு கமெண்ட்ல சொல்லுங்க.

இது 1982-ல பிரிட்டன்ல வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம்ங்கிற வீட்டு கம்ப்யூட்டர். ரப்பர் கீ மொத்தம் 40. அதுக்கு அடியில இருக்கிற பிளாஸ்டிக் ஷீட் வயசானா காஞ்சுபோய், போர்டுல சொருகுற இடத்துல ஒடிஞ்சிடும். அதான் ஒரு பழைய டெர்மினல், அதாவது பெரிய கம்ப்யூட்டரோட பேசுறதுக்கு வச்சிருந்த மெஷினோட கீபோர்டைக் கழட்டி மாட்டுறோம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 40 கீக்கு 13 வயர்தான்! எப்படி?

ஒரு சின்ன தியேட்டரை நினைச்சுக்கோங்க. நாலு வரிசை. நடுவுல நடக்க வழி. ஒவ்வொரு வரிசையிலயும் ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு சீட்டு. ஆக எட்டு அரை வரிசை. அதுக்கு எட்டு வயர். சீட்டு நம்பருக்கு அஞ்சு வயர். ஒவ்வொரு அரை வரிசையா, “யார் உட்கார்ந்திருக்கீங்க?”ன்னு விநாடிக்கு 50 தடவை கம்ப்யூட்டர் கேட்டுட்டே இருக்கும்.

இங்கதான் அந்த அழகான விஷயம். ஒன்றாம் நம்பர் சீட்டு ரெண்டு பக்கமும் சுவரோரத்துல இருந்து ஆரம்பிக்குது! இடப்பக்கச் சுவர்ல 1, கியூ, ஏ, கேப்ஸ் ஷிஃப்ட். வலப்பக்கச் சுவர்ல 0, பி, என்டர், ஸ்பேஸ். எட்டுக்கும் ஒரே வயர். கண்ணாடியில பார்த்த மாதிரி!

நான் வலப்பக்கத்தையும் இடமிருந்து வலமா எண்ணிக் கட்டிட்டேன். அதனால ‘பி’ போய் ‘ஒய்’ இடத்துல உட்கார்ந்துடுச்சு. ஸ்பெக்ட்ரம்ல ஒரு கீ அழுத்தினா ‘பேசிக்’ (BASIC)ங்கிற புரோகிராம் மொழியோட கட்டளை முழுசா வரும். ‘ஒய்’யோட கட்டளைதான் ‘ரிட்டர்ன்’. உங்களுக்கும் இதே தப்பு நடந்திருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: வலப்பக்கம் 8, ஐ, கே, எம் நாலும் மட்டும் ஒழுங்கா வேலை செய்யும். ஏன்னா அவங்க நடு சீட்டு, எந்தப் பக்கம் இருந்து எண்ணினாலும் மூணுதான்!

கீபோர்டு தேடுறப்போ, ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச் இருக்கிறதா எடுங்க. மல்டிமீட்டர் வச்சு, அழுத்தினா பீப் வருதான்னு பாருங்க. அப்புறம் பழைய சர்க்யூட் தடத்தை பிளேடால அறுத்துட்டு, நம்ம 13 வயரைச் சால்டர் பண்ணணும். பொறுமையா பண்ணுங்க, ஒரு நாள் ஆகட்டும்.

வலப்பக்கத்தை மாத்திக் கட்டிட்டேன். பவர் போடுறேன்... ‘பி’... பிரிண்ட்!