ஷில்லர்: லீவு சொல்லாம நாடகம் பாக்கப் போன டாக்டர்

எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மன் கவிஞர், நாடக ஆசிரியர் ஷில்லர்னதும் பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனிதான் ஞாபகம் வரும், அதுல பாடுற பாட்டு இவர் 1785ல எழுதின கவிதைதான், ஆனா பின்னாடி அவரே நண்பர் ஒருத்தருக்குப் போட்ட லெட்டர்ல அது மோசமான கவிதைன்னு சொல்லிட்டார், அதனால நாமளும் அதை ஓரமா வச்சிட்டு நாடகத்துக்குப் போயிருவோம்.

1759ல மார்பாக்ங்கிற சின்ன ஊர்ல பொறந்தவர். அப்பாவுக்கு வூர்ட்டம்பெர்க்ங்கிற ஜெர்மன் ராஜ்யத்தை ஆண்ட கோமகன் கார்ல் ஓய்கன் பட்டாளத்துல வேலை. பையனுக்குப் பாதிரியாராகணும்னு ஆசை, ஆனா கோமகன் என் மிலிட்டரி ஸ்கூலுக்கு அனுப்புன்னு சொன்னா அப்பா என்ன பண்ணுவார்? 13 வயசுல உள்ள போனவர் கிட்டத்தட்ட எட்டு வருஷம் கழிச்சு ராணுவ டாக்டரா வெளிய வந்தார். யூனிஃபார்ம், அணிவகுப்பு, எந்நேரமும் கண்காணிப்பு. அங்கதான் ஒளிஞ்சு ஒளிஞ்சு 'கொள்ளையர்கள்' நாடகத்தை எழுதினார். 1781ல கடன் வாங்கி, பேர் போடாம, சொந்தமா அச்சடிச்சார்.

1782 ஜனவரி 13, மான்ஹைம்ல முதல் ஷோ. மான்ஹைம் வேற ராஜ்யம், லீவு சொல்லாமலே கிளம்பிப் போயிட்டார். தியேட்டரே பைத்தியக்கார ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சாம், முன்னபின்ன தெரியாதவங்க கட்டிப்பிடிச்சு அழுதாங்களாம். ரெண்டாவது தடவை போனப்ப விஷயம் வெளிய தெரிஞ்சு 14 நாள் காவல், அப்புறம் இனிமே மருத்துவம் தவிர எதையும் எழுதக் கூடாதுன்னு உத்தரவு. அந்த செப்டம்பர்லயே, ரஷ்ய இளவரசர் வந்திருக்கார்னு ஊரே விழாவுல இருந்த ராத்திரி, ஷ்ட்ரைஷர்னு ஒரு பியானோக்கார நண்பரோட, பேரை மாத்திச் சொல்லிட்டு, எல்லை தாண்டிட்டார்.

இப்ப 1784ல வந்த 'சூழ்ச்சியும் காதலும்' நாடகத்துல ஒரு சீன் சொல்றேன், என்னைக் கேட்டா ஷில்லர்னா இதுதான். நாடகத்துல வர்ற கோமகனோட ஆசைநாயகிக்கு ஒரு பெட்டி நிறைய வைரம் வருது. இதுக்கு என்ன விலை குடுத்தார்னு அவ கேக்குறா. கொண்டு வந்த கிழட்டு வேலைக்காரன், 'ஒரு காசு குடுக்கல, நேத்து 7000 பசங்க அமெரிக்காவுக்குப் போனாங்க, அவங்கதான் விலை'ங்கிறான். ஏதோ கதைன்னு நினைக்காதீங்க, ஹெஸ்ஸே மாதிரி சின்னச் சின்ன ஜெர்மன் ராஜ்யங்களோட மன்னர்கள் அமெரிக்கச் சுதந்திரப் போர்ல சண்டை போட பிரிட்டனுக்கு ஆள் வித்தது நிஜம். நாடகத்துல அந்த வேலைக்காரன் மேல சொல்றான், ஆளு என்ன விலைன்னு எதிர்த்துக் கேட்ட சிலரை மைதானத்துலயே சுட்டுட்டாங்க, உடனே மொத்தப் படையும் 'அமெரிக்காவுக்கு!'ன்னு கத்துச்சு. போனவங்கள்ல அவன் பெத்த பிள்ளைகளும் உண்டு. எட்டு வருஷம் அந்த யூனிஃபார்ம்ல இருந்த ஆளாலதான் இப்படி எழுத முடியும்!

அப்புறம் 'டான் கார்லோஸ்' நாடகம், ஜேனா யுனிவர்சிட்டியில சரித்திரப் பாடம், 1791ல நுரையீரல்ல வந்து கடைசிவரை விடாத நோய், இன்னொரு பெரிய ஜெர்மன் எழுத்தாளர் கதேயோட நட்பு, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மேஜை டிராயர்ல அழுகின ஆப்பிள் வச்சிருப்பார், அந்த வாசனை இல்லாம எழுத வராதாம், கதே அதுல தலைசுத்திப் போனதா அவரே சொல்லியிருக்கார்.

1805ல 45 வயசுல போயிட்டார். அதுக்கு முந்தின வருஷம் வந்தது 'வில்லியம் டெல்', கொடுங்கோல் அதிகாரியை அம்பெய்து கொல்றவன் கதை. இவர் எங்க தேசியக் கவின்னு தூக்கிவச்சு ஆடினவங்கதான் நாஜிக்காரங்க, ஆனா 1941ல ஹிட்லரே சொல்லி அந்த நாடகத்தை மேடையிலயும் போடக் கூடாது, ஸ்கூல்லயும் நடத்தக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. சரி, கேள்வி இருந்தா கேளுங்க.