மர்கட்ராய்ட்: ஒரு மலைச்சரிவின் பெயர்

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் ஸ்மித் என்று கூப்பிட்டால் எந்தத் தெருவிலும் யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார். ஸ்மித் என்றால் கொல்லர். கொல்லுப்பட்டறை இல்லாத ஊர் ஏது? ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார்கள், ஊருக்கு ஊர் ஸ்மித்துகள் உண்டானார்கள். அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எங்கிருந்து கிளம்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது அதற்கு நேர் எதிரான ஒரு பெயர். மர்கட்ராய்ட். அபூர்வமான பெயர். ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ இந்தப் பெயருள்ள ஒருவரைச் சந்தித்தால், அவருடைய தகப்பன் வழி எந்த மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்தது என்று ஏறக்குறைய விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

நமக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறையோடு மாறிவிடும். அதனால் ஒரே பெயர் அறுநூறு வருஷம் தொடர்ந்து வருவது எவ்வளவு பெரிய சங்கதி என்று நமக்குச் சட்டென்று உறைக்காது. ராஜாக்களும் பிரபுக்களும் தங்கள் வம்சத்தை எழுதி வைத்துக்கொண்டார்கள். மாடு மேய்த்தவரும் தறி போட்டவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு மிஞ்சிய ஆவணம் அவர்களுடைய பெயர்தான். அபூர்வப் பெயர்களை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஊருக்குப் போவோம். வடக்கு இங்கிலாந்தில் யார்க்‌ஷயர், அதில் வெஸ்ட் ரைடிங் என்கிற மேற்குப் பகுதி. பென்னைன் மலைகளுக்கு நடுவே கால்டர் ஆறு ஓடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் பெரிய ஊர் ஹாலிஃபாக்ஸ். அதற்குச் சற்று மேற்கே வார்லி, அதை ஒட்டி லடண்டன். மலை உச்சியில் மரம் இல்லாத தரிசு மேடு. அதை அங்கே மூர் என்பார்கள். கீழே ஆற்றங்கரையில் அந்தக் காலத்தில் சேறும் காடும். மனிதர்கள் குடியிருந்தது இரண்டுக்கும் இடையில், சரிவில். அங்கே காட்டை வெட்டித் திருத்திய நிலத்துக்கு ராய்ட் என்று பெயர். ஹால்ராய்ட், அக்ராய்ட், பூத்ராய்ட், ஓல்ட்ராய்ட் என்று ராய்டில் முடியும் பெயர் எதைக் கேட்டாலும் நீங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தை நினைக்கலாம். கேட் என்பது அந்த வட்டார வழக்கில் பாதை. ஆக, மூருக்குப் போகும் பாதையோரத்தில் திருத்திய நிலம், மர்கட்ராய்ட். மார்கரெட் என்ற பெண்ணின் நிலம் என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. பழைய எழுத்துமுறையைப் பார்த்தால் எனக்கு மூர்ப்பாதைதான் சரி என்று படுகிறது.

அந்தப் பழைய எழுத்துமுறை 1371-ஐச் சேர்ந்தது. அந்த வருஷம் வார்லிக்குக் கான்ஸ்டபிளாக ஒருவர் இருந்தார். இன்றைய போலீஸ்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஊருக்குள் அமைதி காக்கிற, வரி வசூலுக்கு உதவுகிற, ஊராரில் ஒருவராகவே இருக்கிற ஆள். ஏட்டில் அவர் பெயர் ஜோஹானஸ் டி மோர்கட்ராய்ட். அதாவது மோர்கட்ராய்டைச் சேர்ந்த ஜான். இடத்தின் பெயர் ஆளின் பெயரோடு ஒட்டிக்கொள்வதை நாம் கண்ணெதிரே பார்க்கிறோம். இங்கிலாந்தின் தெற்கே இந்த வழக்கம் முன்பே வேரூன்றிவிட்டது. 1066-ல் வந்த நார்மன் பிரபுக்கள் தங்கள் எஸ்டேட்டுகளின் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிச் சாதாரண ஜனங்களுக்கு வந்தது. வடக்கே வர இன்னும் தாமதம்.

எட்டு வருஷம் கழித்து, 1379-ல், அரசு தலைவரி போட்டது. பிரான்ஸோடு நடந்த சண்டைக்குப் பணம் வேண்டியிருந்தது. சாதாரணக் குடியானவக் குடும்பத்துக்கு நாலு பென்னி, அதாவது ஒரு க்ரோட் நாணயம். பிரபுக்களுக்கும் வியாபாரிகளுக்கும் அதைவிடக் கூடுதல். வரி கொடுத்தவர்களை ஊர் ஊராக எழுதினார்கள், வெஸ்ட் ரைடிங்கின் பட்டியல் மட்டும் அதிர்ஷ்டவசமாக நன்றாகவே தப்பிப் பிழைத்தது. வார்லிப் பட்டியலில் நம்முடைய ஜோஹானஸ் மனைவியோடு இருக்கிறார். மனைவியின் பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை. ‘அவர் மனைவி’, அவ்வளவுதான். மர்கட்ராய்ட்கள் அத்தனை பேருக்கும் பாட்டி அவர் என்று நம்ப நியாயம் இருக்கிறது. அவர் பெயர் நமக்குக் கிடைக்காமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தகப்பன் வழியாக மட்டும் ஓடும் எந்தப் பெயரின் சரித்திரத்திலும் இந்தப் பள்ளம் இருக்கும்.

அந்த ஜோஹானஸின் காலத்தை யோசித்துப் பாருங்கள். 1349-ல் யார்க்‌ஷயருக்குள் கொள்ளைநோய் புகுந்தது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் செத்தார்கள். அப்போதுதான் முளைவிட்டிருந்த எத்தனையோ பெயர்கள் அதோடு அழிந்தன. தப்பியவர்களில் ஒருவருடைய பெயரைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு அப்புறமும் ஆபத்து தீரவில்லை. மகன் பிறக்காவிட்டால், பிறந்த மகன் குழந்தையிலேயே இறந்துவிட்டால், அந்தக் கிளை அங்கேயே நின்றுவிடும். 1873-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி இதை ஒரு கணக்காகவே முன்வைத்தார். சராசரியாக ஒருவருக்கு இத்தனை மகன்கள் என்றால், ஒரு குடும்பப் பெயர் எத்தனை தலைமுறையில் மறையும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டுபிடித்தார், எல்லாப் பெயரும் ஒருநாள் மறைந்தே தீரும் என்று. பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். சராசரி ஒரு மகனுக்கு மேல் இருந்தால் பிழைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் ஆரம்பத் தலைமுறைகளைத் தாண்டுவதுதான் கஷ்டம். மர்கட்ராய்ட் தாண்டியது. ஒரே ஒருவரிடம் தொடங்கிய பெயர்களில் பெரும்பாலானவை தாண்டவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும். பிழைத்த பெயர் ஏன் நாடு முழுக்கப் பரவவில்லை? ஏன் நூற்றாண்டுக் கணக்கில் ஹாலிஃபாக்ஸைச் சுற்றியே கிடந்தது?

பதில் கம்பளி. அந்தச் சரிவில் மண் மோசம், மழை அதிகம். ஓட்ஸ் விளையும், கோதுமை எடுபடாது. நாலு மாடும் துண்டு நிலமும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் தறி. பெண்கள் நூற்பார்கள், பிள்ளைகள் கம்பளியைச் சிக்கெடுப்பார்கள், ஆண்கள் நெய்வார்கள். கெர்சி என்ற முரட்டுக் கம்பளித் துணி அந்தப் பக்கத்துச் சரக்கு. நெய்த துணியைத் தண்ணீரில் போட்டு அடித்துத் திடமாக்கினால் சுருங்கும். அதைக் கொக்கி வைத்த நீளமான மரச்சட்டத்தில் இழுத்து மாட்டி வீட்டுக்கு வெளியே காயவைப்பார்கள். 1720-களில் அந்த வழியாகப் போன எழுத்தாளர் டேனியல் டீஃபோ, ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டின் முன்னும் அப்படி ஒரு சட்டமும் அதில் துணியும் இருந்ததைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அந்தத் துணிக்கு இருந்த மதிப்பைச் சொல்ல இன்னொன்று போதும்: ஹாலிஃபாக்ஸில் பதின்மூன்றரைப் பென்னி பெறும் பொருளைத் திருடினால் தலையை வெட்ட ஒரு கருவியே வைத்திருந்தார்கள். 1650-ல்தான் அது கடைசியாக விழுந்தது.

பிழைப்பு வீட்டு வாசலிலேயே இருக்கும்போது யார் ஊரை விட்டுப் போவார்கள்? துணியைத் தூக்கிக்கொண்டு ஹாலிஃபாக்ஸ் சந்தைக்கு நடந்துபோய் விற்றுவிட்டு, கம்பளி வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். 1779-ல் அந்த வியாபாரத்துக்கென்றே பீஸ் ஹால் கட்டினார்கள், நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் 315 அறைகள். கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் அடுத்த சரிவில்தான். ஹாலிஃபாக்ஸ் தேவாலயத்துப் பதிவேடு 1538-ல் தொடங்குகிறது. அந்த வருஷம்தான் எட்டாம் ஹென்றி ராஜாவின் மந்திரி தாமஸ் கிராம்வெல், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டார். இந்த ஏடுகளில் மர்கட்ராய்ட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், எழுதுகிற குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுத்து மட்டும் மாறிக்கொண்டிருக்கும்.

குடும்பத்தில் ஒருவர் மட்டும் பெரிய பணக்காரர் ஆனார். ஜேம்ஸ் மர்கட்ராய்ட், ஹாலிஃபாக்ஸ் ஜவுளி வியாபாரி. 1630-களின் கடைசியில் கீத்லி ஊருக்குப் பக்கத்தில் ஈஸ்ட் ரிடில்ஸ்டன் ஹால் என்ற மாளிகையை வாங்கிப் புதுப்பித்தார். வாசல் முகப்பின் மேல்மாடியில் வட்டமான ரோஜாச் சன்னல் வைத்தார். அது ஹாலிஃபாக்ஸ் பக்கத்துக் கல்தச்சர்களின் கைவண்ணம். நாட்டில் ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்ட நேரம். ஜேம்ஸ் ராஜா கட்சி. பக்கத்துக் கட்டடத்தின் மதிலில் முதலாம் சார்லஸ் ராஜாவின் தலையையும் ராணியின் தலையையும் செதுக்கி, ராஜா வாழ்க என்று பிரெஞ்சில் பொறித்தார். அதற்கப்புறம் வந்த மர்கட்ராய்ட்கள் கடனிலும் வழக்கிலும் மாட்டிச் சொத்தை இழந்தார்கள். அவர்களுடைய அட்டூழியம் பொறுக்காமல் பக்கத்தில் ஓடிய ஏர் என்ற ஆறே வெட்கப்பட்டு வீட்டை விட்டு விலகி ஓடியது என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. 1934 முதல் அந்த மாளிகை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். ஆனால் மர்கட்ராய்ட் சரித்திரம் என்றாலே பலர் இந்த மாளிகையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. மாளிகையில் இருந்தது ஒரு கிளை. சரிவில் தறி போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் பெயரைச் சுமந்தவர்கள்.

1887-ல் லண்டன் மேடையில் கில்பர்ட்டும் சல்லிவனும் ஒரு இசை நாடகத்தில் சாபம் பிடித்த பிரபுக்களுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு அமெரிக்கக் கார்ட்டூனில் ஒரு சிங்கம் ஆச்சரியப்படும்போதெல்லாம் இதைச் சொல்லிக் கத்தியது. வெளியுலகத்துக்கு இந்தப் பெயர் சிரிப்பு மூட்டும் சத்தமாகத்தான் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது மனத்தாங்கல்தான்.

தொழிற்சாலைக் காலம் வந்தபோதும் பெயர் அதிக தூரம் போகவில்லை. 1847-ல் ஜான் மர்கட்ராய்ட் என்பவர் லடண்டனில் ஓட்ஸ் ராய்ட் மில்லைத் தொடங்கினார், தறி வீட்டிலிருந்து ஆலைக்கு மாறியது, ஆட்கள் அதே பள்ளத்தாக்கிலேயே இருந்தார்கள். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தன்னார்வலர்கள் முழுக்கப் படியெடுத்துவிட்டதால் எந்தப் பெயரையும் இன்று வரைபடத்தில் நிரப்பிப் பார்க்க முடிகிறது. மர்கட்ராய்டை நிரப்பினால் ஹாலிஃபாக்ஸ், பிராட்ஃபோர்ட், கீத்லி வட்டாரம் அடர்த்தியாக இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயரின் பருத்தி ஆலை ஊர்களில் கொஞ்சம் கசிந்திருக்கும். மற்ற மாவட்டங்கள் வெறிச்சென்று கிடக்கும். ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகும் வார்லியிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அந்தப் பெயரின் மையம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதைக் கவனித்தவர் ஒருவர் உண்டு. ஹென்றி கப்பி, கடற்படை மருத்துவர். 1890-ல் மாவட்ட டைரக்டரிகளை எடுத்து விவசாயிகளின் பெயர்களை மட்டும் எண்ணினார். இடம் பெயராதவர்கள் விவசாயிகள்தான் என்பது அவர் கணிப்பு. அருமையான யோசனை. ஆனால் பத்தாயிரத்தில் ஏழு பேருக்குக் குறைவான பெயர்களை அவர் ஒதுக்கிவிட்டார். அதிகம் பேசக்கூடிய பெயர்கள் அந்த ஒதுக்கலில்தான் போயின என்பது என் எண்ணம்.

ஏட்டில் இருப்பது ரத்தத்திலும் இருக்கிறதா என்று பார்க்க இப்போது வழி இருக்கிறது. குடும்பப் பெயரும், ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் என்ற மரபுக்கூறும் தகப்பனிடமிருந்து மகனுக்கு ஒரே பாதையில் வருகின்றன. 2000-ல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரயன் சைக்ஸ், தன்னுடைய குடும்பப் பெயரையே கொண்ட 48 ஆண்களைச் சோதித்தார். அதுவும் வெஸ்ட் ரைடிங் பெயர்தான். பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றிய பெயர் என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே குரோமோசோம் வகை வந்தது. 2009-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 பெயர்களை, 1,678 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். ஸ்மித்துகளுக்குள் எந்த உறவும் தென்படவில்லை. அட்டன்பரோ மாதிரி அபூர்வப் பெயர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே மூதாதையின் வாரிசுகளாக இருந்தார்கள். பெயர் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு நெருக்கம்.

இதே குழு 2007-ல் வெளியிட்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கிழக்கு யார்க்‌ஷயரின் ஒரு அபூர்வப் பெயர். அந்தப் பெயருள்ள ஒருவரின் குரோமோசோமில் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு பழமையான வகை இருந்தது. அதே பெயருள்ள 18 பேரைச் சோதித்தார்கள், ஏழு பேருக்கு அது இருந்தது. ஏடுகளைத் தேடியபோது அந்த ஏழு பேரும் இரண்டு கிளைகளில் அடங்கினார்கள். இரண்டின் மூதாதைகளும் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் யார்க்‌ஷயரில் வாழ்ந்தவர்கள். ரோமானியர் காலத்துப் படைவீரர் வழியாக வந்திருக்கலாம், பின்னாளில் கப்பலில் வந்தவர் வழியாகவும் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இரண்டு வழியையும் சொல்கிறார்கள். எப்படி வந்திருந்தாலும், அவர் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக யார்க்‌ஷயர்க்காரர்களாக வாழ்ந்திருக்கிறார்கள். இது ஒரு ஸ்மித்துக்கு நேர்ந்திருந்தால் கூட்டத்தில் கரைந்து போயிருக்கும். பெயர் அபூர்வமாக இருந்ததால்தான் அதே பெயருள்ள மற்றவர்களைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.