பத்திரத்தில் எழுதும் தொகையும் பட்ஜெட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பட்ஜெட் தாக்கலாகும் நாளன்று, வீடு வாங்கக் காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டுக்கடனுக்கு ஏதாவது சலுகை உண்டா? கேட்பதில் தவறில்லை. ஆனால் கடந்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் மனையோ வீடோ வாங்கியவர்களின் செலவை அதிகமாகப் புரட்டிப்போட்டவை சலுகை அறிவிப்புகள் அல்ல. பத்திரத்தில் என்ன தொகை எழுதினார்கள் என்பதும், வங்கி வட்டி எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பதும்தான். ஒரே அரசாணை ஒருவருக்குச் செலவைக் குறைத்து, அடுத்த மனையை வாங்கியவருக்கு அதைக் கூட்டியிருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததில் மனை வணிகம் படுத்துவிட்டது. பல இடங்களில் அரசின் வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலை, சந்தை விலையைத் தொட்டோ அதைத் தாண்டியோ நின்றது. இந்த நிலையில், 2017 ஜூன் 9 முதல் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தியது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு மாறவில்லை. ஆக, மொத்தச் சுமை 8 விழுக்காட்டிலிருந்து 11 ஆனது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். உண்மையான விலை 30 லட்சம், வழிகாட்டி மதிப்பும் 30 லட்சம் என்று ஒரு மனை. ஜூன் மாதத்துக்கு முன்பு பதிவுக்கு ஆன செலவு 2 லட்சத்து 40 ஆயிரம். அதன் பிறகு வழிகாட்டி மதிப்பு ஏறத்தாழ 20 லட்சம். வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் எழுதி, மீதியைக் கையில் கொடுத்தவருக்கு 11 விழுக்காட்டில் ஆன செலவு 2 லட்சத்து 20 ஆயிரம்; அதாவது 20 ஆயிரம் குறைவு. ஆனால் வங்கிக் கடன் வாங்குபவர் முழு விலையையும் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் கடன் தொகை போதாது. அவர் 30 லட்சத்துக்கு 11 விழுக்காடு, அதாவது 3 லட்சத்து 30 ஆயிரம் கட்டினார். 90 ஆயிரம் கூடுதல். 'வழிகாட்டி மதிப்பு குறைப்பு' என்ற தலைப்புச் செய்தியைப் படித்து மகிழ்ந்த அதே மாதச் சம்பளக்காரர், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனபோது அந்த 90 ஆயிரத்தை எங்கிருந்தாவது புரட்ட வேண்டியிருந்தது. ஏனென்றால், பதிவுச் செலவுக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை; அது கைக்காசாகவே இருக்க வேண்டும்.

2023 மார்ச் 20 அன்று தாக்கலான மாநில பட்ஜெட் இதைத் திருப்பிப் போட்டது. வழிகாட்டி மதிப்பு 2017 ஜூன் 8 அன்று இருந்த அளவுக்கு மீண்டும் உயர்த்தப்படும், பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைக்கப்படும் என்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அறிவித்தார். மொத்தம் 9 விழுக்காடு. நம் மனைக்கே வருவோம். முழு விலையை எழுதிக் கடனில் வாங்கியவருக்கு 3 லட்சத்து 30 ஆயிரம் 2 லட்சத்து 70 ஆயிரமாகக் குறைந்தது. குறைத்து எழுதியவருக்கோ 2 லட்சத்து 20 ஆயிரம் 2 லட்சத்து 70 ஆயிரமாக ஏறியது. வழிகாட்டி மதிப்பு உயர்ந்துவிட்டதே என்று பொதுவாக எழுந்த முறையீட்டில், கடன் வாங்கி வீடு கட்டுகிறவரின் சுமை குறைந்தது என்ற செய்தி காதில் விழவே இல்லை. என்னைப் பொறுத்தவரை அந்த மாற்றம் நேர்மையாகப் பத்திரம் எழுதியவர்களின் பக்கம் நின்ற மாற்றம். புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு, நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகக் கணக்கிடும் கூட்டு மதிப்பு முறை அதே ஆண்டு டிசம்பரில் வந்தது தனிக் கதை. இன்று அதற்குள் நான் போகவில்லை.

குறைத்து எழுதியதன் விலை அன்றைக்கே தெரிவதில்லை; விற்கும்போதுதான் தெரிகிறது. 2024 ஜூலை 23 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட், சொத்து விற்பனையில் வரும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான, அதாவது விற்றதில் கிடைக்கும் லாபத்துக்கான, வரியை 20 விழுக்காட்டிலிருந்து 12.5 ஆகக் குறைத்து, பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடும் வசதியை நீக்கியது. பழைய சொத்து வைத்திருந்தவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழவே, அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் இரண்டு முறைகளில் எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம் என்று ஆகஸ்டில் திருத்தம் வந்தது.

மேலே சொன்ன மனையை 2017-18இல் வாங்கியவர், அந்த பட்ஜெட்டுக்குப் பிறகு 2024-25இல் 40 லட்சத்துக்கு விற்கிறார் என்று கொள்வோம். பணவீக்கக் குறியீடு வாங்கிய ஆண்டில் 272, விற்ற ஆண்டில் 363. பத்திரத்தில் 30 லட்சம் எழுதியவரின் வாங்கிய விலை, பழைய முறைப்படி 40 லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. அவருக்கு ஆதாயமும் இல்லை, வரியும் இல்லை. 20 லட்சம் எழுதியவருக்குப் பழைய முறையில் சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம், புதிய முறையில் 2 லட்சத்து 50 ஆயிரம். பதிவின்போது அவர் மிச்சம் பிடித்தது 1 லட்சத்து 10 ஆயிரம்தான். ஏழாண்டு கழித்து அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்கிறார். இனிமேல் வாங்குகிறவர்களுக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது என்பதால், பத்திரத்தில் இருக்கும் தொகை ஒன்றே அவர்களுக்குக் காப்பு.

இனி வட்டி. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, 4 விழுக்காடாகக் குறைத்தது. உக்ரைன் போருக்குப் பின் விலைவாசி ஏற, 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 விழுக்காடானது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி விகிதத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், அந்த ஏற்றம் நேராக வீட்டுக்குள் வந்தது. 30 லட்சம் கடன், 20 ஆண்டு, 7 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். கடன் வாங்கிய புதிதிலேயே வட்டி 9 ஆகிறது. தவணையை மாற்றாமல் வங்கி காலத்தை மட்டும் நீட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத் தவணையில் 22,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஏறத்தாழ 760 ரூபாய். இப்படியே போனால் 20 ஆண்டுக் கடன் அடைய 38 ஆண்டு ஆகும்.

வட்டிக்கும் பட்ஜெட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதற்கு பிரிட்டனில் நடந்ததைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2022 செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்டெங், ஈடுகட்ட வருவாய் காட்டாமல் ஆண்டுக்கு 4,500 கோடி பவுண்ட் அளவில் வரிக்குறைப்புகளை அறிவித்தார். அவற்றுள் ஒன்று வீடு வாங்குவோருக்கான முத்திரை வரிச் சலுகை. பொதுவான வாங்குவோருக்கு அதில் மிச்சம் அதிகபட்சம் 2,500 பவுண்ட். அரசு இவ்வளவு கடனை எப்படித் திருப்பும் என்ற அச்சத்தில் கடன் பத்திரச் சந்தை ஆட்டம் கண்டது. வங்கிகள் நூற்றுக்கணக்கான வீட்டுக்கடன் திட்டங்களைத் திரும்பப் பெற்றன. இரண்டாண்டுக்கு மாறாத நிலை வட்டியின் சராசரி இரண்டு வாரங்களுக்குள் 6 விழுக்காட்டைத் தாண்டியது. 2 லட்சம் பவுண்ட் கடனில் 1 விழுக்காடு கூடினாலே ஆண்டுக்கு 2,000 பவுண்ட் போய்விடும். ஒரு கையால் கொடுத்த சலுகையை, அதே பட்ஜெட் மறு கையால் வட்டியாக வாங்கிக்கொண்டது. ஆகவே மத்திய பட்ஜெட்டைக் கேட்கும்போது நிதிப் பற்றாக்குறை, அரசு வாங்கப்போகும் கடன் என்ற இரண்டு எண்களையும் தவறாமல் கவனியுங்கள் என்பேன்.

2025இல் காற்று வேறு பக்கம் வீசியது. பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ 6.5 விழுக்காட்டிலிருந்து 5.25 ஆக இறங்கியது. செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு என்ற மாநில அரசின் சலுகையும் அந்த ஏப்ரலில் வந்தது. பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் சிறிய தொகையாகத் தெரியலாம். ஆனால் ஊருக்கு வெளியே இரண்டு சென்ட் வாங்கும் குடும்பத்தில் பத்திரம் மனைவியின் பெயரிலோ மகளின் பெயரிலோ ஆவதற்கு அது ஒரு காரணமாகும் என்றால், நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன்.

ரெப்போவோடு இணைந்த கடன்களில் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். வங்கிகள் தாங்களே நிர்ணயிக்கும் பழைய அடிப்படை விகிதங்களிலேயே இருக்கும் கடன்களுக்கு இந்த இறக்கம் வந்து சேரத் தாமதமாகும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கோ அந்த இணைப்பு விதியே கட்டாயமில்லை. உங்கள் கடன் எதோடு இணைந்திருக்கிறது, தவணை குறைந்திருக்கிறதா, காலம் குறைந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வட்டி திருத்தப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

நன்றி, வணக்கம்.