மழை மிகுந்தால் வாத்து வேட்டை சிறக்குமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்காவின் நார்த் டகோட்டா மாநிலத்தில் பணிபுரியும் நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை இப்போது எடுத்துக்கொள்வோம். "வசந்தம் தொடங்கியதிலிருந்து இங்கே நல்ல மழை. வயல்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் எல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன. இலையுதிர்காலத்தில் வாத்து வேட்டை அமோகமாக இருக்கும் என்று உடன் பணிபுரிவோர் மகிழ்கிறார்கள். தெற்கே அர்க்கன்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் நண்பரோ, மழை மிகுந்தால் வேட்டை கெட்டுவிடும் என்கிறார். இதில் எது சரி?" என்று கேட்டிருக்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான். உங்களுடன் பணிபுரிவோர், வாத்துகள் பிறக்கும் நிலத்தில் வசந்தத்தில் பெய்யும் மழையை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். உங்கள் நண்பர், அதே வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்கும் நிலத்தில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்யும் மழையை வைத்துப் பேசுகிறார். மழை எங்கே, எந்த மாதத்தில் பெய்தது என்று கேட்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

முதலில் உங்கள் ஊரைப் பார்ப்போம். நீங்கள் பார்க்கும் அந்தப் பள்ளங்கள், பனியுகத்துப் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்றவை. கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து அமெரிக்காவின் அயோவா வரை லட்சக்கணக்கில் பரவிக் கிடக்கும் இந்தக் குட்டைகளில்தான் வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவை பொரிக்கின்றன. இவற்றுள் மிகவும் மதிப்புள்ளவை பெரிய ஏரிகள் என்று நாம் நினைப்போம். உண்மையில், கணுக்கால் அளவு நீருடன் சில வாரங்களே நிற்கும் சின்னஞ்சிறு குட்டைகள்தான் வாத்துக்கு உயிர்நாடி. ஆழம் குறைந்த நீர் வசந்த வெயிலில் முதலில் சூடேறுகிறது. அதில் கொசு போன்ற பூச்சிகளின் புழுக்களும், நத்தைகளும், சிறு இறால் போன்ற உயிர்களும் திரண்டு பெருகுகின்றன. மல்லார்ட் என்னும் காட்டு வாத்தின் பெட்டை ஒன்பது, பத்து முட்டைகள் இடுவதற்குத் தேவையான புரதத்தை இங்கிருந்துதான் திரட்டிக்கொள்கிறது. மேலும், முட்டையிடும் காலத்தில் ஓர் இணை தன் குட்டைக்கு அருகில் இன்னோர் இணையை அண்டவிடாது. ஆகவே, நூறு ஏக்கர் பரப்புள்ள ஓர் ஏரியைவிட, அதே பரப்பு நூறு குட்டைகளாகப் பிரிந்து கிடந்தால் பன்மடங்கு இணைகள் அங்கே தங்கும்.

இதைக் கணக்கிலும் காணலாம். அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையும் கனடா அரசும் சேர்ந்து, 1955 முதல் ஏறக்குறைய வசந்தந்தோறும் விமானத்தில் தாழப் பறந்து வாத்துகளை எண்ணிவருகின்றன, குட்டைகளையும் எண்ணுகின்றன. 2011ஆம் ஆண்டு குட்டைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 81 லட்சமாக உயர்ந்தது. மறு ஆண்டு நிலம் வறண்டு குட்டைகள் வெகுவாகக் குறைந்துவிட்டபோதிலும், வாத்துகளின் எண்ணிக்கை 4 கோடியே 86 லட்சத்தைத் தொட்டது. முந்தைய ஆண்டின் ஈரத்தில் பொரித்த குஞ்சுகள்தாம் மறு வசந்தத்தில் இனப்பெருக்கத்துக்குத் திரும்பி வந்தன.

வேட்டைக்கு வருவோம். ஈரமான ஆண்டின் இலையுதிர்காலத்தில் தெற்கே பறக்கும் கூட்டத்தில் அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகளின் பங்கு அதிகமாக இருக்கும். துப்பாக்கிச் சத்தத்தை அறியாத இந்த இளம் பறவைகள், நீரில் மிதக்கவிடப்பட்ட பொம்மை வாத்துகளை நம்பி எளிதில் இறங்கிவிடும். வறண்ட ஆண்டிலோ வானில் பறப்பவை பெரும்பாலும் பழுத்த அனுபவமுள்ள முதிய வாத்துகள். அவை தொலைவிலேயே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். உங்களுடன் பணிபுரிவோரின் மகிழ்ச்சிக்கு இதுவே அடிப்படை.

ஆனாலும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதத்தில் குளிர்காற்றோடு அடைமழை பெய்தால், பொரித்துச் சில நாள்களே ஆன குஞ்சுகள் நனைந்து விறைத்து இறந்துவிடும். கேன்வாஸ்பேக், ரெட்ஹெட் போன்ற முக்குளிக்கும் வாத்துகள் நீருக்கு மேல் கோரைகளுக்கிடையே கூடு கட்டுவதால், நீர்மட்டம் திடீரென ஏறினால் கூடு முட்டைகளோடு மூழ்கிவிடும். மல்லார்டும், நம் ஊருக்கும் வலசை வருகிற ஊசிவால் வாத்தும் மேட்டு நிலத்தில் கூடு கட்டுவதால் இந்த ஆபத்து அவற்றுக்குக் குறைவு. மழை ஆண்டுக்கணக்கில் விடாமல் பெய்தாலும் கேடுதான். சிறு குட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆழமாகிவிடும். மீன்கள் ஏறிவந்து, குஞ்சுகளுக்கான புழு பூச்சிகளைத் தின்றுவிடும். அவ்வப்போது ஒரு வறட்சி வந்து குட்டையின் சேறு வெடித்துக் காய வேண்டும். தரிசாகப் போட்ட நிலம் அடுத்த போகத்தில் நன்றாக விளைவதுபோல, காய்ந்த குட்டை மீண்டும் நிரம்பும்போதுதான் அதன் வளம் உச்சத்தை எட்டுகிறது.

இனி உங்கள் நண்பரின் அர்க்கன்சாஸ். ஸ்டட்கார்ட் ஊரைச் சுற்றியுள்ள நெல்வயல்களும், பேயூ மெட்டோ போன்ற ஓக் காடுகளும் மல்லார்டுகளின் புகழ்பெற்ற குளிர்காலத் தங்குமிடங்கள். காட்டுக்குள் முழங்காலளவு நீர் நிற்க, மரக்கிளைகளுக்கிடையே மல்லார்டுகள் கூட்டமாக இறங்கி ஓக் கொட்டைகளைத் தின்னும் இடம் அது. வேட்டைப் பருவத்தில் பெருமழை பெய்தால் என்ன ஆகும்? அறுவடை முடிந்த ஒவ்வொரு வயலிலும் நீர் தேங்கும். வாத்துகளுக்கு எங்கு பார்த்தாலும் தீனி. எனவே அவை ஓரிடத்தில் கூடாமல் சிதறிப்போகும். ஆறு பெருகிக் காட்டில் நீர் ஒரு முழத்துக்கு மேல் ஏறிவிட்டால், தலையை மட்டும் முக்கி மேயும் மல்லார்டுக்கு அடியிலுள்ள கொட்டை எட்டாது. வாத்துக்கு அது நல்ல ஆண்டாகவே இருக்கலாம். வேட்டைக்காரருக்குத்தான் கை காலியாக இருக்கும்.

நண்பரிடம் நீங்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி கோடைமழையைப் பற்றியது. கோடையில் நீர் வடிந்த சேற்றில் முளைக்கும் காட்டுத் தினையும் புல்விதைகளும் குளிர்கால வாத்துகளின் முக்கிய உணவு. ஜூலையில் வெள்ளம் வந்து அந்தப் பயிர்கள் அழுகினால், நவம்பரில் நீர் இருந்தும் தீனி இருக்காது. வளரும் பருவத்தில் நீர் நீண்ட நாள் நின்றால் ஓக் மரங்களும் பட்டுப்போகின்றன. ஒரு தினைப் பயிரை அடுத்த ஆண்டே மீட்டுவிடலாம். கொட்டை காய்க்கும் ஓக்கை மீட்க ஒரு தலைமுறை ஆகும். எனக்குப் பெரும் கவலை தருவது இதுதான்.

வேட்டை என்றதும் நம் நேயர்களில் பலருக்கு மனம் நெருடும். நம் நாட்டில் இன்று காட்டு வாத்தைச் சுடுவது சட்டப்படி குற்றம். ஆனால் அங்கே 16 வயது நிரம்பிய ஒவ்வொரு நீர்ப்பறவை வேட்டைக்காரரும் வாங்கவேண்டிய 25 டாலர் 'டக் ஸ்டாம்ப்' என்னும் வேட்டை வில்லையின் பணத்தில் 98 விழுக்காடு ஈரநிலங்களை வாங்கவும் காக்கவும் செலவாகிறது என்பதையும், இந்த ஏற்பாடு 1934 முதல் நடந்துவருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. அயோவாவின் ஈரநிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு நீர் வடிக்கப்பட்டு அழிந்துவிட்டது. குட்டையே இல்லாத இடத்தில் எவ்வளவு மழை பெய்தும் வாத்துக்குப் பயன் இல்லை.

ஆகவே, நேயரே, ஆகஸ்ட் மாதத்தில் உங்கள் ஊர்ப் பள்ளங்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சிறிய குட்டைகளில் நீர் இன்னும் நின்று, பெட்டைகளின் பின்னே ஓரளவு வளர்ந்த குஞ்சுகள் நீந்தினால், உங்களுடன் பணிபுரிவோரின் கணிப்பு பலிக்கும் என்று நம்பலாம். ஒரு நாளைக்கு எத்தனை வாத்து சுடலாம் என்ற வரம்பு மட்டும் இந்த மழையால் இப்போதே மாறாது. 2016 முதல் அந்த வரம்பு முந்தைய ஆண்டின் கணக்கெடுப்பை வைத்தே முடிவுசெய்யப்படுகிறது.