சுட்டது இயந்திரம் என்றால் பாவம் யாருக்கு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். செயற்கை நுண்ணறிவை அமைதியின் பக்கம் நிறுத்தப் போவது சட்டமா, சமய அறமா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், விதி எழுத வழக்கறிஞரும் நிரல் எழுதப் பொறியாளரும் இருக்கும்போது குருமார்களுக்கு இங்கே என்ன வேலை என்றார். போதாக்குறைக்கு, சாமி பெயரால் சண்டை போடுகிறவர்களிடமா சமாதானத்துக்கு வழி கேட்பது என்று ஒரு குத்து. கைதட்டலும் வாங்கினார். அந்தக் குத்தை நான் மறுக்கப் போவதில்லை, பிறகு வருகிறேன்.

முதலில் அவருடைய சட்டத்தைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் கொண்டுவந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் மென்பொருளுக்குக்கூட அதில் கட்டுப்பாடு உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டாம் பிரிவைப் படியுங்கள்: ராணுவத்துக்கு மட்டும் பயன்படுவதற்கு இது பொருந்தாது! மனிதர் இல்லாமலே இலக்கைத் தேர்ந்து தாக்கும் தானியங்கி ஆயுதங்களைப் பற்றி ஜெனீவாவில் ஐ.நா. கூட்டங்களில் 2014 முதல் பேசுகிறார்கள். அங்கே ஒருமித்த முடிவு வேண்டும். ஒரு நாடு தலையாட்ட மறுத்தால் அன்றோடு நின்றது. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் கவலை தெரிவித்து வாக்களித்தன. அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. முன்வாசலுக்கு மூன்று பூட்டு, கொல்லைப்புறத்துக்குக் கதவே இல்லை.

சரி, இயந்திரம் எப்படித் தவறும்? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நகரத்தில் ஒரு லட்சம் பேர்; அவர்களில் ஆயுதம் ஏந்தியவர்கள் 1,000 பேர். யார் போராளி, யார் அப்பாவி என்று மென்பொருள் 99 விழுக்காடு சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 990 போராளிகளைப் பிடிக்கும். மீதி 99,000 அப்பாவிகளிலும் ஒரு விழுக்காடு தவறும், அதுவும் 990. தாக்க வேண்டியவர்கள் பட்டியலில் 1,980 பெயர், அதில் சரிபாதி அப்பாவிகள். விளம்பரத்தில் மட்டும் 99 விழுக்காடு!

'அதற்குத்தான் மனிதர் ஒப்புதல் தருகிறாரே' என்பார்கள். பத்து மணி நேரப் பணியில் ஒருவர் 1,980 பெயரைப் பார்த்தால் ஒரு பெயருக்கு 18 விநாடி. கண் ஓடும், கை அழுத்தும், மனம் அங்கே இருக்காது. நாளைக்கு விசாரணை வந்தால்? தளபதிக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று நிரூபித்தால்தான் சட்டம் அவரைத் தொடும். தளபதி கருவியைக் காட்டுவார். கருவி செய்தவர் தரவைக் காட்டுவார். தரவு யாரைக் காட்டும்?

இந்த இடத்தில்தான் குருமார்களுக்கு வேலை இருக்கிறது. இந்தக் கேள்வியை அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மடக்கி மடக்கிக் கேட்டு வைத்திருக்கிறார்கள். யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூதில் ஒரு விதி: பாவத்துக்குத் தூதன் கிடையாது. 'அவர் அனுப்பினார், நான் செய்தேன்' என்று தூதன் தப்ப முடியாது. உடனே ரவினா என்ற அறிஞர் குறுக்கிடுகிறார்: தூதன் கட்டளைக்குக் கட்டுப்பட்டவனாக இருந்தால்தான் அந்த விதி, கட்டுப்படாதவனாக இருந்தால் பழி அனுப்பியவனுக்கே. இயந்திரம் எந்தக் கட்டளைக்குக் கட்டுப்பட்டது? பழி எங்கே போகிறது பாருங்கள். சமணம் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது: செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல், மூன்றும் வினை. பொத்தானை அழுத்தியவர், அழுத்தச் சொன்னவர், கொள்முதல் கோப்பில் கையெழுத்துப் போட்டவர், மூவருக்கும் பங்கு உண்டு. புத்தர் எண்ணத்தையே வினை என்றார். ஆயுத வணிகத்தை இல்லறத்தார் செய்யத் தகாத ஐந்து தொழில்களில் ஒன்றாக வைத்தார்.

'தத்துவம் போதும், நடைமுறை சொல்லுங்கள்' என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. சொல்கிறேன். ஒரே சாட்சியின் சொல்லை நம்பி உயிரை எடுக்காதே என்கிறது பைபிளின் உபாகமம். இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும். 1983 செப்டம்பர் 26 இரவு, சோவியத் எச்சரிக்கை மையத்தில் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் பணியில் இருக்கிறார். அமெரிக்க ஏவுகணை ஐந்து வருகிறது என்கிறது செயற்கைக்கோள் அமைப்பு. போர் தொடுப்பவர்கள் ஐந்தோடு நிறுத்துவார்களா என்று யோசிக்கிறார். தரை ரேடாரில் ஒன்றுமில்லை. இரண்டாம் சாட்சி இல்லை! தவறான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். பின்னால் தெரிந்தது, உயரத்து மேகத்தில் பட்ட சூரிய ஒளியை ஏவுகணைச் சுடர் என்று எண்ணியிருக்கிறது கருவி. பெத்ரோவ் வேதம் படித்து முடிவெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. வேதம் கேட்டதைத்தான் அவர் கேட்டார் என்கிறேன்.

இங்கே பொறியாளர்கள் வழக்கமாகச் சறுக்கும் ஓர் இடமும் இருக்கிறது. ஒரே தரவில் பயிற்சி பெற்ற இரண்டு மென்பொருளை வைத்துவிட்டு 'இரட்டைச் சரிபார்ப்பு' என்பார்கள். அது ஒரே சாட்சி இரண்டு வாயால் பேசுவது. இரண்டாம் சாட்சி வேறு உணரியிலிருந்தோ, களத்தில் உள்ள மனிதரிடமிருந்தோ வர வேண்டும். கருவி போட்ட மதிப்பெண்ணைத் திரையில் காட்டும் முன்பே அதிகாரி தன் காரணத்தைத் தன் பெயரோடு எழுத வேண்டும். காட்டிய பிறகு கேட்டால் கருவி சொன்னதையே திருப்பிச் சொல்வார். நேரம் கடந்தால் தானாக விழும் விடை 'வேண்டாம்' என்றிருக்க வேண்டும். ஏவிய பிறகும் திரும்பப் பெற வழி வேண்டும். மகாபாரதத்தில் பிரம்மசிர அஸ்திரத்தை அர்ச்சுனனும் விட்டான், அசுவத்தாமனும் விட்டான். அர்ச்சுனனுக்குத் திரும்ப அழைக்கத் தெரிந்தது. மற்றவனுக்குத் தெரியவில்லை, அது கருவிலிருந்த குழந்தை மேல் போய் விழுந்தது.

இப்போது அந்தக் குத்துக்கு வருகிறேன். மியான்மரில் ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள் மீது வெறுப்பைப் பரப்பியவர்களில் துவராடை உடுத்த புத்த பிக்குகளும் இருந்தார்கள். ஒப்புக்கொள்கிறேன், வெட்கத்தோடு. ஆனால் அவர்களைக் குற்றவாளி என்று சொல்லும் அளவுகோலும் அவர்கள் கும்பிட்ட புத்தரிடமே இருக்கிறது. அந்த வெறுப்பு ஓடிய வாய்க்கால் முகநூல்; போதுமான அளவு தடுக்கவில்லை என்று அந்த நிறுவனமே 2018-இல் ஒப்புக்கொண்டது. தடுக்க முயன்றபோது என்ன ஆயிற்று? 'கலார்' என்ற இழிசொல்லைத் தடை செய்தார்கள். அந்த எழுத்துகள் உள்ள கடலைப் பருப்புப் பதிவும் சேர்ந்து போனது! பலருடைய கைபேசியில் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்குப் பதில் ஸாஜீ என்ற உள்ளூர் எழுத்துரு. ஒரே சொல் இரண்டு குறியீட்டில் கிடக்க, வடிகட்டி குழம்பியது. எது வசை, எது பருப்பு என்று அந்த மொழி பேசும் ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். பள்ளிவாசலிலும் விகாரையிலும் தேவாலயத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; கருவியை வெளியிடும் முன் அவர்களை உட்காரவைத்துப் பதிவுகளைத் தரம் பிரிக்கச் சொல்லியிருக்கலாம்.

2020 பிப்ரவரியில் வத்திக்கானில் செயற்கை நுண்ணறிவுக்கான அற உறுதிமொழியாக 'ரோம் அழைப்பு' கையெழுத்தானது; மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கையெழுத்திட்டன. 2023-இல் யூத, இஸ்லாமியத் தலைவர்கள் சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் அதற்காக ஹிரோஷிமாவில் கூடியவர்கள் 11 சமயங்களைச் சேர்ந்தவர்கள். மீறினால் தண்டனை இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் 'இந்த நிரலை நான் எழுத மாட்டேன்' என்று ஒரு பொறியாளர் எழுந்து நிற்க, அவருக்குப் பிடிமானமாக ஒரு வாசகம் இருக்கிறது. அப்படி மறுத்தவரின் வேலை போகாமல் காக்க வேண்டியது உங்கள் சட்டம். அந்தப் பிரிவை எழுதுங்கள், நாங்களே வந்து கைதட்டுகிறோம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. அடுத்து எழப்போகும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன்: பட்டியலில் அந்த 990 அப்பாவிகள் இருக்கிறார்களே, அவர்களில் முதலில் சாகிறவருக்காக, உங்கள் சட்டத்தின் எந்தப் பிரிவில், யாருடைய பெயரை எழுதுவீர்கள்?