பேதி மருந்தும் குடலின் குடிகளும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, ஒலிபெருக்கியோடு சுக்குக் காப்பிக்கும் ஏற்பாடு செய்த வணிகர் சங்கப் பொருளாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். தலைவர் தம் முன்னுரையில் என்னை மருத்துவர் என்றார். நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் மட்டுமே.

குடலைக் கழுவினால் அங்கு வாழும் நுண்ணுயிர்களுக்கு என்ன நேர்கிறது, அவை எவ்வாறு மீள்கின்றன, பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் புகட்டும் வழக்கம் தேவைதானா என்னும் மூன்றையும் பேச வந்திருக்கிறேன். பதறாத காரியம் சிதறாது என்பது மூன்றுக்கும் பொருந்தும்.

கொலோனாஸ்கோபிக்கு, அதாவது பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனைக்கு முன், குடலைக் கழுவத் தரப்படும் மருந்துகளில் முதன்மையானது பாலிஎத்திலீன் கிளைக்கால். அதைக் குடல் உறிஞ்சிக்கொள்வதில்லை. ஆகவே கூடவே குடித்த நீரும் குடலிலேயே தங்கி, உள்ளிருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. 2015இல் ‘கட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில், உடல்நலமுள்ள 23 பேருக்கு இத்தகைய மருந்து இரண்டு லிட்டர் தரப்பட்டது. சிலர் ஒரே வேளையிலும், மற்றவர்கள் ஒவ்வொரு லிட்டராக இரு வேளையிலும் குடித்தார்கள். கழுவியவுடன் நுண்ணுயிர்களின் மொத்த அளவு 31 மடங்கு குறைந்தது. ஒவ்வொருவர் குடலுக்கும் கைரேகைபோல் தனித்த நுண்ணுயிர்க் கூட்டம் உண்டல்லவா, 22 விழுக்காட்டினரிடம் அந்தத் தனித்தன்மையே கலைந்துபோயிற்று. ஆயினும் 14 நாள்களுக்குள் பெரும்பாலும் பழைய நிலை திரும்பிவிட்டது. ஒரே வேளையில் குடித்தவர்களுக்கே பாதிப்பு கடுமையாக இருந்தது. புரோட்டியோபாக்டீரியா போன்ற சில நுண்ணுயிர் வகைகளும் அவர்களிடம் கூடியிருந்தன. பதறாத காரியம் சிதறாது!

எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். மருத்துவமனையொன்றில் மருந்துப் பொட்டலத்தோடு முழுக்க ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஒன்றைத் தந்தார்கள். எட்டாம் வகுப்புப் பேரன் எழுத்துக் கூட்டிப் படித்து, “ரெண்டு லிட்டர் குடிக்கணும் தாத்தா” என்றான். மாலையில் ஒன்று, விடியலில் ஒன்று என்றிருந்த வரி அடுத்த பக்கத்தில் இருந்தது. “சனியன் ஒரே மூச்சில் தொலையட்டும்” என்று இரவு எட்டு மணிக்கே இரண்டையும் குடித்து முடித்துவிட்டார். அதன்பின் கழிப்பறைக் கதவைச் சாத்தவே அவருக்கு நேரமில்லை. பாட்டியம்மா சொம்பும் விசிறியுமாக வாசலிலேயே காவல் இருந்தார். அக்கம்பக்கத்தார் விளக்கைப் போட்டு என்னவோ ஏதோவென்று விசாரித்தார்கள். காலையில் மருத்துவர் குழாயைச் செலுத்திப் பார்த்துவிட்டு, குடல் சரியாகச் சுத்தமாகவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றாராம். இரவே குடித்து முடித்தால் விடிவதற்குள் மேலிருந்து புதிய கசடு இறங்கிவிடும். பாதியை விடியலுக்கு ஒதுக்குவது அதற்காகத்தான்.

ஆகவே, தலைவர் அவர்களே, எனது கோரிக்கை பழையதுதான்: நோயாளியின் கையில் தரும் ஒவ்வொரு குறிப்பும் தமிழில், பெரிய எழுத்தில், எத்தனை மணிக்கு எவ்வளவு என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். இருவேளை முறையின் நன்மையை ஆய்வாளர்கள் கண்டறிந்து என்ன பயன், அது படிக்கத் தெரியாத மொழியில் மடித்துக் கிடந்தால்? மருத்துவர் சொல்லாமல், விளம்பரத்தை நம்பி மாதந்தோறும் குடலைக் கழுவிக்கொள்வோரும் இதைக் கருத வேண்டும். மீள்வதற்கு இரு வாரம் தேவைப்படும் கூட்டத்தை நோயேதுமின்றி ஏன் கலைக்க வேண்டும்?

விளக்கெண்ணெய்க்கு வருவதற்குள் தலைவர் மணியடித்துவிட்டார். மனுத்தாள் நூலகர் மேசையில் இருக்கிறது. கையொப்பமிடுவோர் கைப்பேசி எண்ணையும் தெளிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.