மேல்காற்றும் ஒரு சைக்கிள் டியூபும்

நேயர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு மேல்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் பிறந்ததும் மேற்கிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கிவிடும். கொடியில் போட்ட துணிக்கு இரண்டு கிளிப் போதாது. பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகளின் குடை மேல்நோக்கி விரிந்துகொள்ளும். அந்தக் காற்றுக்கு நேர் எதிராக, விடிவதற்கு முன்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டு புளியரை எஸ் வளைவில் ஏறுகிற ஒரு பெண்ணை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். தலையில் ஹெல்மெட், சீட்டுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு. அது நான்தான். எனக்கு வயது 42. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். ஆறு வருஷமாக டிரையத்லான் போட்டிகளில் கலந்துகொள்கிறேன்.

டிரையத்லான் என்றால் மூன்று போட்டிகள் ஒன்றாகச் சேர்ந்தது. முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. ஈரக்காலைத் துடைத்து ஷூ மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும். 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவில் சான்டியாகோ நகரத்து விரிகுடா ஒன்றில் 46 பேர் சேர்ந்து இப்படி ஒரு போட்டி நடத்தினார்கள். 1978 பிப்ரவரியில் ஹவாய்த் தீவுகளில் அயர்ன்மேன் என்கிற நெடுந்தூர டிரையத்லான் முதல் தடவை நடந்தது. கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் 2019இலிருந்து கோவாவில், மிராமர் கடற்கரையில், அயர்ன்மேனின் பாதித் தூரப் போட்டி நடக்கிறது. கொரோனாவால் இரண்டு வருஷம் நின்று மறுபடி தொடங்கியது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இந்த வருஷம் என் குறி அதுதான். திட்டத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "டீச்சர், சைக்கிள் எவ்வளவு?" என்றுதான். விலையைச் சொன்னால் அதற்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாமே என்பார்கள். இது பந்தய சைக்கிள்களில் சாதாரணமான அலுமினிய ஃபிரேம். இதைவிடப் பத்து மடங்கு விலையில் கார்பன் சைக்கிள்கள் இருக்கின்றன. நான் அந்தப் பக்கம் போகவில்லை, போகவும் எண்ணமில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் தாத்தாவின் தோட்டத்துக் கிணறு சதுரக் கிணறு, பக்கத்துக்கு 30 அடி. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டு தாத்தா படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வார். அப்படித்தான் நீச்சல் படித்தேன். இந்தப் போட்டிக்கு வந்த பிறகு அதே கிணற்றில் பயிற்சி செய்யலாம் என்று இறங்கினேன். கணக்கு டீச்சர் இல்லையா, கணக்குப் போட்டேன். 1.9 கிலோமீட்டருக்கு அந்தக் கிணற்றில் 208 தடவை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போக வேண்டும். ஏழெட்டுக் கை வீசுவதற்குள் சுவர் வந்துவிடும். திரும்பி உதைத்தால் பாதித் தூரம் உதையிலேயே போய்விடும். கடலில் உதைக்கச் சுவர் ஏது?

அதற்கு ஒரு வழி பிடித்தேன். பழைய சைக்கிள் டியூப் நாலைந்தை முடிச்சுப் போட்டு நீளமாக்கி, ஒரு முனையைப் படிக்கட்டுக் கம்பியில் கட்டினேன், மறுமுனையை இடுப்பில். அப்புறம் நீந்தினால் இருந்த இடத்திலேயே நீந்தலாம். டியூப் பின்னால் இழுக்கும், நாம் முன்னால் இழுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் அப்படி நீந்தினால் தோளுக்குத் தெரியும். வீட்டில் ஒருவர் படிக்கட்டில் இல்லாமல் நான் இறங்குவதில்லை. நீங்களும் இறங்க வேண்டாம், எவ்வளவு நீச்சல் தெரிந்திருந்தாலும் சரி. மாதம் ஒரு தடவை மணப்பாடு போய்க் கடலில் நீந்துகிறேன், பக்கத்தில் ஒரு வள்ளம் வரும். நீச்சலுக்கு என் சாமான் அவ்வளவுதான்: ஒரு கண்ணாடி, ஒரு தொப்பி, பழைய டியூப்.

டியூப் என்றேன். இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்ததே அதுதான். மற்றது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டி. நீச்சலை நல்லபடியாக முடித்துச் சைக்கிளில் ஏறினேன். 38ஆவது கிலோமீட்டரில் பின் சக்கரம் பஞ்சர். இந்தப் போட்டிகளில் வெளியாள் வந்து உதவக் கூடாது, நம் சாமானை வைத்து நாமே சரிசெய்ய வேண்டும். சீட்டுக்கு அடியில் பையில் இரண்டு டியூப் வைத்திருந்தேன். டயரைக் கழற்றி டியூப் மாற்றிக் காற்றடித்துக் கிளம்ப ஒன்பது நிமிடம். நாலு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி புஸ்ஸென்று இறங்கிவிட்டது. இரண்டாவது டியூபை எடுத்தால் அதன் வால்வு கட்டை. என் சக்கரத்தின் ரிம் கொஞ்சம் ஆழமானது, வால்வின் தலை ரிம்முக்கு வெளியே வரவே இல்லை. பம்பை எதில் மாட்டுவது? வாங்கும்போதே கடையில் கேட்டேன், "சரியாக இருக்கும்" என்றார்கள். மாட்டிப் பார்க்காமல் பையில் போட்டது என் தவறு. வெயிலில் ஐந்து கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நேரம் முடிந்துவிட்டது, ஓட்டத்துக்கு விடவில்லை. ஏழு மாதப் பயிற்சி. அன்றைக்கு ரொம்ப அழுதேன்.

ஊருக்கு வந்து அந்தச் சக்கரத்தை அப்படியே பிரானூரில் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பிரானூர் என்றால் பார்டர் பரோட்டா ஞாபகம் வரும். எனக்கு அண்ணாச்சியின் பஞ்சுதான் ஞாபகம் வரும். டயரைக் கழற்றினார். நான் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. போட்டியிலும் அப்படித்தான் தடவியிருந்தேன். "விரலுக்குத் தெரியாதும்மா" என்று சொல்லி, ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் ஒரு சுற்று ஓட்டினார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கிக்கொண்டு நூல் விட்டது. அங்கே மயிர் கனத்தில் ஒரு கம்பி, நெல்மணி நீளம்கூட இல்லை. லாரி டயர் வெடித்தால் உள்ளே இருக்கிற கம்பி துண்டு துண்டாகச் சாலையில் சிதறும். நம் மலைப்பாதையில் இரவு பகலாக லாரி போகிறது, அந்தக் கம்பிக்குப் பஞ்சமே இல்லை. அது டயரில் ஏறிக்கொண்டால், நாம் சைக்கிளில் உட்கார்ந்து பாரம் ஏறும்போதுதான் உள்ளே குத்தும். கையில் எடுத்துப் பார்த்தால் பதுங்கிவிடும். நான் பழைய டியூபை மாற்றினேன், குத்தினதை உள்ளேயே விட்டுவிட்டேன்.

மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இது பந்தய சைக்கிளுக்கு மட்டும் அல்ல. அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் இது உதவும். பஞ்சர் ஒட்டுவதற்கு முன்னால் குத்தினது எது என்று தேடுங்கள், பஞ்சால் தேடுங்கள். அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். டயரில் கம்பெனி பேர் எழுதியிருக்கும் இல்லையா, மாட்டும்போது அந்த எழுத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்ட வேண்டும். அப்புறம் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடம் வால்விலிருந்து எத்தனை சாண் என்று பார்த்தால், டயரில் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஓட்டை டியூபின் வெளிப்பக்கம் இருந்தால் குற்றவாளி டயரில் இருக்கிறான். உள்பக்கம் இருந்தால், டியூபுக்கு அடியில் ரிம்மைச் சுற்றி ஒட்டியிருக்கிற ரிம் டேப்பைப் பாருங்கள். பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக இருந்திருக்கிறது, பள்ளத்தில் விழுந்து டியூப் நசுங்கியிருக்கிறது.

அந்த மாதம் முழுக்க, தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு வராந்தாவில் உட்கார்ந்து பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றி மாட்டினேன். ஒன்பது நிமிடம் ஆறானது, ஐந்தானது. இப்போது நாலு நிமிடத்தில் முடிக்கிறேன், பஞ்சு ஓட்டுவதையும் சேர்த்து. பையில் பஞ்சு இல்லாமல் நான் எந்தப் போட்டிக்கும் போவதில்லை. என் சைக்கிளில் நான் கழற்றி மாட்டாத பாகம் இப்போது கிடையாது. கார்பன் பக்கம் போகாததற்குக் காரணமும் இதுதான். அதைத் திறக்க எனக்குத் தெரியாது, இங்கே சொல்லித்தருவதற்கும் ஆள் இல்லை.

சரி, டயர். 28 மில்லிமீட்டர் அகலம். முன்னெல்லாம் மெல்லிய டயர்தான் வேகம், கல்லு மாதிரி காற்றடிக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். சாரல் நேரத்தில் தென்மலைப் பக்கம் இறங்கிப் பாருங்கள். ரப்பர் இலை விழுந்து நனைந்த சாலை. கொஞ்சம் அகலமான டயர், கொஞ்சம் குறைந்த காற்று, அதுதான் பிடிக்கும், கையும் மரத்துப்போகாது. டியூபில் இரண்டு வகை உண்டு. நாம் வழக்கமாகப் பார்க்கிற கறுப்பு டியூப் செயற்கை ரப்பர், காற்றை நாள்கணக்கில் வைத்திருக்கும். இன்னொன்று, புனலூர்ப் பக்கம் மரத்தில் வடிகிறதே, அந்தப் பாலில் செய்த லேட்டெக்ஸ் டியூப். அது இளகி ஓடும், வேகம் தரும். ஆனால் தினமும் காற்றடிக்க வேண்டும். பயிற்சிக்குக் கறுப்பு, கோவாவுக்கு லேட்டெக்ஸ் என்று வைத்திருக்கிறேன்.

காற்றைப் பற்றி ஒன்று. சமதரையில் வேகமாக மிதிக்கும்போது நம் பலத்தில் பெரும்பங்கைத் தின்பது எதிர்க்காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. அந்தக் காற்றை அதிகம் தடுப்பது சைக்கிளா என்றால் இல்லை, நம் உடம்பு. அதனால் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சக்கரம் வாங்குவதற்கு முன்னால், ஹேண்டிலில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுகிற பிடி ஒன்று வாங்கினேன், அதில் ஒரு மணி நேரம் கழுத்து வலிக்காமல் இருக்கப் பழகினேன். எங்கள் ஊர்க் காற்றில் பழகினால் வேறெங்கும் பயமில்லை. செங்கோட்டையில் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர்க் காலத்து வளைவு இருக்கிறதே, 1956 வரை நாங்கள் அந்தப் பக்கம்தான், அந்த வளைவைத் தாண்டி மேற்கே மிதித்தால் கோட்டைவாசல் வரை காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஆரியங்காவில் சேச்சி ஒருவர் கடையில் கட்டன்சாயா. "டீச்சறே" என்று கூப்பிட்டு, கேட்காமலே ஏத்தம்பழம் ஒன்று எடுத்து வைப்பார். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் இருக்கும். மிதிக்கவே வேண்டாம்.

இன்னும் மூன்று நிமிடம் இருப்பதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரல் காட்டுகிறார்கள். சாப்பாட்டையும் ஓட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட போட்டியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பயிற்சியில் ஏத்தம்பழமும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும். போட்டியன்று மென்றுகொண்டிருக்க முடியாது, கருப்பட்டிக் கரைசலில் எலுமிச்சையும் உப்பும் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றிக்கொள்வேன். ஓட்டத்துக்கு முடிச்சுப் போட வேண்டாத இழுவைக் கயிறு மாட்டிய ஷூ. சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் நம்முடையது மாதிரி இருக்காது. அதற்காக வாரம் ஒரு நாள் சைக்கிளை வீட்டில் சாத்திவைத்த கையோடு குண்டாறு அணைச் சாலையில் 3 கிலோமீட்டர் ஓடுகிறேன்.

திட்டம் இதுதான். ஆகஸ்ட் வரை காற்றில் சைக்கிள். செப்டம்பரில் ஒலிம்பிக் தூரத்தில் ஒரு போட்டி: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். அப்புறம் கோவா. நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், மொத்தம் எட்டரை மணி நேரம் கொடுப்பார்கள். ஏழே கால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. பஞ்சருக்கு நாலு நிமிடம் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன்.

நேரம் முடிந்துவிட்டது. லாரி ஓட்டுகிற அண்ணன்மார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். சனி, ஞாயிறு விடியற்காலையில் புளியரை எஸ் வளைவில் ஒரு சிவப்பு விளக்கு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தால், கொஞ்சம் இடம் விட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.